தொடக்கப் பள்ளி உளவியலாளர்: குழந்தையை மட்டும் பார்ப்பவர் அல்ல

“உங்கள் பிள்ளையைப் பள்ளி உளவியலாளர் ஒருமுறை பார்த்தால் நல்லது” என்று வகுப்பாசிரியர் சொன்னால் பல பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளைக்கு மனதில் ஏதோ கோளாறு என்று பள்ளி முடிவுகட்டிவிட்டதோ, இனி ஒரு முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயம். இதற்கு நேரெதிரான எண்ணமும் உண்டு. இரண்டு முறை உட்காரவைத்துப் பேசினால் பையன் சமர்த்தாகிவிடுவான் என்று ஆசிரியர்களே சிலர் நம்பி அனுப்புவார்கள். பயப்படுபவரும் நம்பி அனுப்புபவரும் கற்பனை செய்துகொள்வது ஒரே காட்சியைத்தான்: ஒரு மூடிய அறை, உள்ளே ஒரு நிபுணர், எதிரே ஒரு ‘பிரச்சினைக் குழந்தை’.

அப்படி ஓர் அறை இருப்பது உண்மைதான். ஆனால் தொடக்கப் பள்ளி உளவியலாளரின் வேலையில் பெரும்பகுதி அந்த அறைக்கு வெளியேதான் நடக்கிறது. வகுப்பின் கடைசி வரிசையில், விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், ஆசிரியரோடும் பெற்றோரோடும் நடக்கும் பேச்சுகளில். அது ஏன் என்று புரிந்துவிட்டால் பயமும் குறையும், வீண் எதிர்பார்ப்பும் குறையும்.

## யார் இவர், யார் இல்லை

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருபவர். பள்ளி உளவியலாளர் அவர் இல்லை. உளவியலையும் குழந்தை வளர்ச்சியையும் கற்றலையும் படித்து, அவற்றைப் பள்ளிச் சூழலில் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர் இவர். பொதுவாக மருந்து எழுதமாட்டார்.

கவுன்சலர் குழந்தைகளோடு பேசி ஆறுதலும் வழிகாட்டலும் தருபவர். சிறப்பாசிரியர், கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைக்கு அதற்கேற்ற முறையில் பாடம் நடத்துபவர். இந்த வேலைகள் ஒன்றோடொன்று கலப்பது சகஜம், பல பள்ளிகளில் ஒருவரே இரண்டையும் செய்வார். ஆனாலும் உளவியலாளருக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் குழந்தைக்கு இங்கே ஏன் ஒத்துவரவில்லை? அந்த ‘ஏன்’ தெரிந்த பிறகுதான் ‘என்ன செய்யலாம்’ என்ற பேச்சு வரும்.

## எரியாத விளக்கு

அறையில் விளக்கு எரியவில்லை என்றால் நம் கண் போவது பல்பின் மேல். எரியாமல் இருப்பது அதுதானே. ஆனால் கோளாறு பல்பில் இருக்கலாம், சுவிட்சில் இருக்கலாம், சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கலாம், தெருவிலேயே மின்சாரம் வராமலும் இருக்கலாம். எடுத்த எடுப்பில் பல்பை மாற்றுபவருக்கு சில நாள் வேலை முடிந்துவிடும், பல நாள் முடியாது.

பள்ளியில் ‘எரியாதது’ எப்போதும் குழந்தையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். படிக்கவில்லை, அடிக்கிறான், அழுகிறாள், பேசவே மாட்டேன் என்கிறாள். ஆகவே ‘குழந்தையைச் சரிசெய்யுங்கள்’ என்றுதான் கோரிக்கை வருகிறது. உளவியலாளரோ குழந்தையிலிருந்து தொடங்கி, பாடம் நடத்தப்படும் விதம், உட்காரும் இடம், பக்கத்தில் இருப்பவர்கள், வீட்டில் நேர்ந்த மாற்றம், தூக்கம், கண், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்.

இந்தத் துறை பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் குழந்தைகளுக்கான முதல் உளவியல் நிலையத்தைத் தொடங்கினார். முதலில் அங்கே வந்தவன், எழுத்துக்கூட்டி எழுத முடியாமல் திண்டாடிய ஒரு மாணவன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. விட்மர் ஆராய்ந்தபோது பையனுக்குப் பார்வைக் கோளாறும் இருந்தது தெரிந்தது. கண்ணாடியும் வந்தது, தனிப் பயிற்சியும் தொடங்கியது. பிறகு 1915-இல் ஆர்னால்ட் கெசல், கனெக்டிகட் மாநிலத்தில், பள்ளி உளவியலாளர் என்ற பெயரிலேயே பணியமர்த்தப்பட்டார். அந்தப் பதவிப் பெயர் அவரோடுதான் தொடங்கியது என்பார்கள்.

## சேட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இனி உண்மையான வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். மூன்றாம் வகுப்பு, எட்டு வயதுப் பையன். ‘கணக்கு வகுப்பில் அடங்குவதே இல்லை’ என்பது புகார். உளவியலாளர் அவனை உடனே அறைக்குக் கூப்பிடவில்லை. கணக்கு வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார்.

10:02, வாய்க்கணக்கு. கையைத் தூக்கிச் சரியாகப் பதில் சொல்கிறான். 10:12, ஆசிரியர் பலகையில் நான்கு வரியில் ஒரு கணக்கை எழுதுகிறார். 10:14, பென்சில் கீழே விழுகிறது. 10:15, எடுக்கக் குனிந்தவன் மேசைக்கு அடியிலேயே இருக்கிறான். 10:17, பக்கத்துப் பையனின் நோட்டைத் தள்ளிவிடுகிறான். 10:18, “வெளியே போய் நில்” என்கிறார் ஆசிரியர். போகிறான். முகத்தில் வருத்தம் இல்லை.

அடுத்தடுத்த சில நாட்களிலும் இதே வரிசை. வாய்க்கணக்கில் தொந்தரவே இல்லை. நாலு வரி எழுதிப்போட்டால் பென்சில் விழுகிறது. சிக்கல் இருக்கும் இடம் இப்போது லேசாகத் தெரிகிறது: அவனுக்குக் கணக்கு வருகிறது, கணக்கை வாசிக்கத்தான் வரவில்லை. எல்லோர் முன்னாலும் திணறுவதைவிட வெளியே நிற்பது அவனுக்கு எவ்வளவோ மேல்.

இப்படிப் பார்ப்பதற்கு நடத்தை ஆய்வு என்று பெயர். நடத்தைக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதனால் அதற்கு என்ன கிடைத்தது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை. மூன்றாவதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் விளைவு, அந்தச் செயலை மறுபடி செய்யத் தூண்டினால் அதை வலுவூட்டல் என்பார்கள். கிடைப்பது மிட்டாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க முடிந்தாலும் அது வலுவூட்டல்தான். நாம் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது இந்தப் பையனுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடிக்கடி கொடுக்கக் கொடுக்க சேட்டையும் அடிக்கடி வரும்.

சரி, இதற்கு என்ன செய்வது? கணக்கை ஒருமுறை அவனுக்கு வாசித்துக் காட்டலாம். மேசையில் ஒரு அட்டையைத் திருப்பி வைத்தால் ‘உதவி வேண்டும்’ என்று பொருள் என ஆசிரியரும் அவனும் பேசி வைத்துக்கொள்ளலாம். இனி சேட்டை செய்தாலும் வெளியே அனுப்புவதில்லை. கூடவே வாசிப்பில் எங்கே தடுக்குகிறது என்று தனியாகச் சோதித்து அதற்குப் பயிற்சி தொடங்க வேண்டும். இது இல்லாமல் மற்றதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான்.

இங்கே ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதுவரை பலன் தந்த சேட்டை திடீரென்று பலன் தராமல் போனால், குழந்தை முதலில் அதைக் கூடுதலாகச் செய்து பார்ப்பதும் உண்டு. முதல் சில நாட்கள் நிலைமை மோசமாவது போலத் தெரியலாம். இது தெரியாத பள்ளிகளில் நல்ல திட்டங்கள் மூன்றாம் நாளே கைவிடப்படுகின்றன. அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் வலிக்கும், ஏனென்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பலன் தெரியத் தொடங்கியிருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குழந்தையின் நடத்தை ஒரு காரணத்தோடு வருகிறது. அது எப்போது வருகிறது, அதனால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று நேரில் பார்த்துக் கண்டுபிடிப்பது உளவியலாளரின் முதல் வேலை. கண்டுபிடித்த பிறகு மாறுவது பெரும்பாலும் பெரியவர்கள் செய்யும் சில காரியங்கள்.

## சோதனையில் பாஸ், ஃபெயில் கிடையாது

எல்லாவற்றையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில நேரம் முறையான சோதனை தேவைப்படும். உளவியல் சோதனை என்றதும் எல்லோருக்கும் ஐ.க்யூ. நினைவுக்கு வரும், அதைச் சுற்றித்தான் குழப்பமும் அதிகம்.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார்கள். வழக்கமான வகுப்பில் தடுமாறும் குழந்தைகளில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடிப்பதுதான் அதன் நோக்கம். நுண்ணறிவு என்பது பிறக்கும்போதே உறைந்துபோன அளவு என்ற கருத்தை பினே கடுமையாக எதிர்த்தார், பயிற்சியால் குழந்தைகள் முன்னேற முடியும் என்று நம்பினார். உதவி தேடுவதற்காகச் செய்த கருவியைப் பிற்காலத்தில் பலர் தரம் பிரிக்கும் தராசாக்கிவிட்டார்கள் என்பது இந்தத் துறையின் துயரமான பக்கம்.

ஐ.க்யூ. என்பது ஒரு குழந்தையின் மதிப்பெண்ணை அதே வயதுள்ள மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். சராசரி 100 என்று வைத்திருக்கிறார்கள். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். காய்ச்சலோடு வந்தால், புதியவரைப் பார்த்துப் பயந்தால், சோதனை நடக்கும் மொழி வீட்டு மொழியாக இல்லாவிட்டால் எண் இறங்கும். அதனால்தான் பொறுப்பான அறிக்கைகள் ஒற்றை எண்ணோடு நிற்காமல், ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள்’ என்று எல்லையாகச் சொல்கின்றன.

என்னைக் கேட்டால், மொத்த எண்ணைவிட அதற்குள் இருக்கும் மேடு பள்ளங்களைத்தான் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனை பல சிறு பகுதிகளால் ஆனது. கட்டைகளை அடுக்கி ஒரு வடிவம் செய்வது, சொன்ன எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது, இரண்டு பொருட்களுக்குள் என்ன ஒற்றுமை என்று விளக்குவது. இரண்டு குழந்தைகளுக்கு மொத்தம் 98 என்று வரலாம். ஒன்று எல்லாப் பகுதியிலும் சராசரி. இன்னொன்று பேச்சிலும் யோசிப்பதிலும் வெகு உயரத்தில், கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொள்வதில் வெகு கீழே. இரண்டாவது குழந்தையிடம் “நோட்டை எடு, 34-ஆம் பக்கத்தைத் திருப்பு, மூன்றாவது கேள்விக்குக் கோடு போடு” என்று ஒரே மூச்சில் சொன்னால் நோட்டை எடுத்ததோடு நின்றுவிடும். பார்ப்பவருக்கு அது சொல்பேச்சுக் கேளாமை. ஒவ்வொன்றாகச் சொன்னால் மூன்றையும் செய்துவிடும்.

டிஸ்லெக்சியாவும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. நன்றாகப் பேசும், கேட்டதைப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு, எழுத்தை ஒலியோடு இணைத்துச் சரளமாக வாசிப்பது மட்டும் விடாப்பிடியாகக் கடினமாக இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எழுத்தைத் திருப்பிப் போடுவதுதான் அதன் அடையாளம் என்று பரவலாக நம்பப்படுகிறது. தொடக்க வகுப்புகளில் எந்தக் குழந்தையும் எழுத்தைத் திருப்பிப் போடும். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

## பெயர் வைப்பதற்கு முன்

‘இவனுக்கு ஏ.டி.எச்.டி.யாக இருக்கும்’ என்று இன்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் அன்றாட வாழ்க்கையையே பாதிக்கும் அளவுக்கு நீடிக்கும் நிலைதான் ஏ.டி.எச்.டி. பரவலாகப் பயன்படும் மருத்துவ வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் அடங்காத நம் பையனுக்கு இது பொருந்தாது என்பதைப் பாருங்கள்.

கவனம் இல்லாதது போலத் தோன்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவது. அந்த நாட்களில் காது லேசாக மந்தமாகும், கூப்பிட்டால் திரும்பாது. வலிப்பில் ஒரு வகையில் உடல் உதறவே உதறாது. சில வினாடிகள் பார்வை வெறித்து நிற்கும், பிறகு குழந்தை ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். வகுப்பில் அது பகல் கனவு மாதிரி இருக்கும். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார், தூக்கம் போதாத குழந்தையோ பலசமயம் துள்ளிக் குதிக்கும்.

இன்னொரு காரணம், எளிதாகக் கண்ணில் படாதது: பிறந்த மாதம். ஒரே வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் இடைவெளி இருக்கும். ஆறு வயதில் ஒரு வருடம் என்பது பெரிய தூரம். வகுப்பிலேயே இளையவர்களாக இருக்கும் குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைக்கப்படுவது அதிகம் எனப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நல்ல உளவியலாளர் முதல் நாளே பிறந்த தேதியைப் பார்ப்பார். கண், காது சோதனை செய்தாயிற்றா என்று கேட்பார். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்.

## ஏன் பெரும்பாலும் பெரியவர்களோடு பேசுகிறார்

அமெரிக்காவில் 1969-இல் தொடங்கப்பட்ட பள்ளி உளவியலாளர்களின் தேசிய சங்கம், 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் என்று பரிந்துரைக்கிறது. பெரும்பாலான இடங்களில் அந்த விகிதம்கூட எட்டாக்கனிதான். 500 குழந்தைகளையும் வாரம் 20 நிமிடம் தனியாகப் பார்ப்பதென்றால் ஏறத்தாழ 167 மணி நேரம் வேண்டும். ஒரு வாரத்துக்கு இருப்பதே 168.

வழி என்ன? ஒரு குழந்தையோடு உளவியலாளர் இருக்கும் நேரம் கொஞ்சம், ஆசிரியர் இருக்கும் நேரம் மிக அதிகம். ஆகவே உளவியலாளர் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, வகுப்பில் ஆசிரியர் செய்யக்கூடிய மாற்றத்தைச் சேர்ந்து திட்டமிடுகிறார். இதற்குக் கலந்தாலோசனை என்று பெயர். ஒரு ஆசிரியர் கற்றுக்கொண்டது அடுத்த ஆண்டு வரும் முப்பது பேருக்கும் உதவும். ஆசிரியரிடம் குறை கண்டுபிடிக்க வந்தவர் என்ற எண்ணம் வந்துவிட்டால் மட்டும் இந்த வேலை நடக்காது. அதனால் அனுபவம் உள்ளவர்கள் முதல் சந்திப்பில் கேட்பது, ‘நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், அதில் எது கொஞ்சமாவது வேலை செய்தது?’ என்றுதான்.

பல பள்ளிகள் உதவியை மூன்று அடுக்காகப் பிரித்து வைத்திருக்கின்றன. முதல் அடுக்கு எல்லோருக்கும் பொதுவான நல்ல கற்பித்தலும் தெளிவான வகுப்பு விதிகளும். இரண்டாவது, இன்னும் கொஞ்சம் உதவி வேண்டியவர்களுக்குச் சிறு குழுக்கள். மூன்றாவது, மிகச் சிலருக்கு மட்டும் தனி மதிப்பீடும் தனித் திட்டமும். உளவியலாளர் அறைக்குள் நடப்பது இந்த மூன்றாவது அடுக்கின் ஒரு துண்டு.

## சின்னக் குழந்தைகள் என்பதால்

‘உனக்கு என்ன கவலை?’ என்று ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்டால் பதில் வராது. மறைக்கிறது என்று பொருளில்லை, அதற்கான சொற்கள் இன்னும் கைவரவில்லை. அந்தக் கவலை திங்கட்கிழமை காலை வயிற்றுவலியாக வரும். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது பெரும்பாலும் பதற்றத்தால் வருவது, பிடிவாதத்தால் அல்ல. அந்தக் குழந்தையை எழுப்பி ‘எல்லோர் முன்னாலும் பேசு’ என்பது நிலைமையை மோசமாக்கும்.

ஆகவே உளவியலாளர் விளையாட்டையும் படம் வரைவதையும் பயன்படுத்துகிறார். படத்தில் கறுப்பு வண்ணம் இருந்தால் சோகம், வீட்டுக்குக் கதவு இல்லையென்றால் தனிமை என்றெல்லாம் குறி சொல்வது போலப் பேசுபவர்களை நம்ப வேண்டாம். ஒரு படத்தை வைத்து அப்படி முடிவுசெய்ய ஆதாரம் இல்லை. வரைந்துகொண்டே இருக்கும்போது குழந்தை சொல்லும் கதைதான் முக்கியம். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

இந்த வயதில் உதவி தொடங்குவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. வாசிக்கத் தடுமாறும் குழந்தை நாலைந்து வருடம் அப்படியே போனால், வாசிப்புச் சிக்கலோடு ‘நான் மக்கு’ என்ற நம்பிக்கையும் சேர்ந்துவிடும். பிறகு இரண்டையும் அவிழ்க்க வேண்டும், இரண்டாவது முடிச்சு முதலாவதைவிட இறுக்கமானது.

## ரகசியமும் சம்மதமும்

தனிப்பட்ட சோதனைகளுக்கு முன் பெற்றோரின் சம்மதம் கேட்பது பொதுவான தொழில்நெறி. குழந்தை சொன்னதை ஊரெல்லாம் பேசமாட்டார். ஆனால் குழந்தை தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருந்தால், யாராவது குழந்தையைத் துன்புறுத்துவது தெரிந்தால், பாதுகாக்க வேண்டியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இதைக் குழந்தைக்கும் முதலிலேயே புரியும் சொற்களில் சொல்லிவிடுவார்.

## பெற்றோர் என்ன செய்யலாம்

சந்திப்புக்கு முன் குழந்தையிடம் ‘டாக்டர்’, ‘பரீட்சை’ என்ற சொற்கள் வேண்டாம். “உனக்கு எது ஈஸியா வருது, எது கஷ்டமா இருக்குன்னு பார்த்து உதவி செய்யறவங்க. சில புதிர் தருவாங்க, சிலது கஷ்டமாத்தான் இருக்கும், பரவாயில்ல” என்றால் போதும். முந்தின இரவு நன்றாகத் தூங்கட்டும். கண்ணாடி போடும் குழந்தையென்றால் மறக்காமல் போட்டு அனுப்புங்கள்.

நீங்கள் போகும்போது பழைய நோட்டுகள் சிலவற்றை எடுத்துப் போங்கள், குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை அவை நன்றாகவே காட்டும். வீட்டில் நடந்த மாற்றங்களை மறைக்காதீர்கள். இடம் மாறியது, யாரோ இறந்தது, தம்பி பிறந்தது எல்லாம் கணக்கில் வரும். அறிக்கையில் புரியாத சொல் வந்தால் ‘அப்படியென்றால் வகுப்பில் இவளுக்கு என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். அதற்கு ஓர் எடுத்துக்காட்டுடன் பதில் வரும்வரை விடாதீர்கள்.

எழுந்து வருவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வகுப்பில் யார் என்ன செய்யப் போகிறார், வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும், பலன் தெரிகிறதா என்று மறுபடி கூடிப் பார்ப்பது எந்தத் தேதியில். தேதி இல்லாத திட்டத்தைப் பிறகு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, அதனால் அந்தத் தேதியைக் கேட்க மட்டும் தயங்கவே வேண்டாம்.